பழைய கல் மாளிகையைப் பழுதுபார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழங்கட்டடப் பராமரிப்புக்குப் புதிதாக வருபவர்கள் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். கூரை ஒழுகும்போதே சுவருக்கு வண்ணமடிப்பது போன்றவை எவருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிமெண்ட் பாயிண்டிங் (கற்களின் இடுக்குகளில் சிமெண்ட் அடைத்தல்)

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் 1858 முதல் 1860 வரை கட்டப்பட்டு, 1941இல் அருங்காட்சியகமான விக்டோரியா மாளிகையின் வெளிமுகம் பழுப்பு மணற்கல்லால் ஆனது. இது படிவு படிவாக அமைந்த கல். இத்தகைய கற்களுக்கு இடையிலுள்ள சாந்து, கல்லைவிட மென்மையாகவும் ஈரத்தை வெளியே விடுவதாகவும் இருக்க வேண்டும். சுவருக்குள் புகுந்த நீர் அதன் வழியாக உலர்வதால், தேய்மானமும் எளிதில் மாற்றக்கூடிய அந்தச் சுண்ணாம்புச் சாந்தோடு நின்றுவிடும். அதைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டை அடைத்தால் நீர் கல்லின் வழியே வெளியேற முயல்கிறது. அதில் கரைந்த உப்பு மேற்பரப்புக்குச் சற்று உள்ளே படிகமாகிறது. குளிர்காலத்தில் அந்நீரே உறைந்து விரிய, கல் ஏடேடாக உரிகிறது.

அதே பகுதியில் நான் பார்வையிட்ட ஒரு வீட்டில், சிமெண்ட் கோடுகள் மட்டும் வலைபோலத் துருத்தி நிற்க, நடுவே கற்கள் குழிந்துபோயிருந்தன. உறுதியாக இருக்கட்டும் என்றே அவ்வாறு செய்தார்களாம். அந்தச் சிமெண்டை நீக்க வந்தவர் அறுவை இயந்திரத்தை ஓட்டியதில், எஞ்சியிருந்த கல் விளிம்புகளும் சிதைந்தன. இதைக் கண்டு இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஏனெனில் பழைய சாந்தில் ஒரு துண்டை எடுத்து நீர்த்த அமிலத்தில் கரைத்து, அடியில் தங்கும் மணலின் நிறத்தையும் பருமனையும் பார்த்திருந்தாலே பொருத்தமான சுண்ணாம்புக் கலவையைத் தீர்மானித்திருக்கலாம். (மணலில் கிளிஞ்சல் கலந்திருந்தால் அதுவும் கரைந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.) பழைய சாந்தைக் கை உளியால் எடுங்கள். உறைபனிக் காலத்துக்கு வெகுமுன்பே வேலையை முடித்து, ஈரச் சாக்கால் மூடி மெதுவாக இறுக விடுங்கள்.

நீர்புகாப் பூச்சு

சுவருக்குள் ஏற்கெனவே உள்ள ஈரத்தையும் அது சிறைப்படுத்தும்.

மணல் பீய்ச்சிக் கழுவுதல்

செய்யாதீர்கள்.

சுவரோவியத்தின் மீது புது வண்ணம்

விக்டோரியா மாளிகையின் உட்புறத்தைக் குஸ்டாவ் ஹெர்ட்டர் வடிவமைத்தார். ஜுசெப்பே குய்டிச்சினி சுவர்களிலும் விதானங்களிலும் ஓவியம் தீட்டினார். மங்கிய ஓவியத்தைப் பளிச்சென்று ஆக்கும் ஆசையில் முழுவதையும் மீண்டும் வரைவது, அசலை அழிப்பதாகும். முதலில் அழுக்கை நீக்குங்கள். வண்ணம் உதிர்ந்த இடத்தை மட்டும், பின்னர் தேவையெனில் அகற்றக்கூடிய வண்ணத்தால் நிரப்புங்கள்.