ஆன்லைன் பிங்கோ: புதிதாக ஆடுபவர்கள் பணத்தை எங்கே விடுகிறார்கள்

பிங்கோவில் தப்பாக ஆடுவது என்று ஒன்று கிடையாது. எண்ணை அழைக்கிறார்கள், உங்கள் டிக்கெட்டில் இருந்தால் அந்தக் கட்டம் நிறம் மாறும், இல்லாவிட்டால் அடுத்த எண். அதைக் குறிக்கும் வேலையைக்கூடப் பெரும்பாலான தளங்களில் மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. ஆட்டத்துக்குள் திறமை காட்ட இடமே இல்லை. அதனால் புதியவர்கள் செய்யும் தவறுகள் எல்லாம் டிக்கெட் வாங்குவதற்கு முன்பும் ஆட்டம் முடிந்த பிறகும்தான் நடக்கின்றன.

முதல் தவறு, உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்காமலே பணம் கட்டுவது. இது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் வாங்கிய தளங்கள் ஆன்லைன் பிங்கோ நடத்தலாம். இந்தியாவில் 2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும், அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தையும் தடை செய்கிறது. தடை உள்ள இடத்தில் வெளிநாட்டுத் தளம் ஒன்று உங்களிடம் டெபாசிட் வாங்கினால், நாளை அது பணத்தைத் திருப்பித் தர மறுக்கும்போது புகார் கொடுக்க ஆளில்லை. ஆட்டம்தான் பிடித்திருக்கிறது என்றால் பணமில்லாமல் ஆட இலவச ஆப்கள் இருக்கின்றன. மற்ற இடங்களில், தளத்தின் அடியில் போட்டிருக்கும் உரிம எண்ணை அந்தந்த ஆணையத்தின் இணையதளத்திலேயே தேடிப் பாருங்கள். முத்திரைப் படத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது, எதற்குப் பரிசு என்று தெரியாமல் ஆடுவது. 1 முதல் 90 வரை எண்களை அழைக்கும் 90 பந்து ஆட்டத்தில் டிக்கெட்டுக்கு 3 வரிசை, 9 நெடுவரிசை. 27 கட்டங்களில் 15-இல்தான் எண் இருக்கும், வரிசைக்கு ஐந்து. தம்போலா ஆடியவர்களுக்குப் பழகிய சீட்டுதான், ஆனால் அந்தப் பழக்கத்திலேயே நான்கு மூலைக்கும் முதல் ஐந்துக்கும் பரிசை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். இங்கே வழக்கமாக ஒரு வரிசை, இரண்டு வரிசை, ஃபுல் ஹவுஸ் (டிக்கெட்டின் 15 எண்ணும் நிரம்புவது) என்று மூன்றே பரிசுகள். இரண்டு வரிசையும் ஒரே டிக்கெட்டில் நிரம்ப வேண்டும். இந்த டிக்கெட்டில் ஒன்று, அந்த டிக்கெட்டில் ஒன்று என்றால் செல்லாது. 75 பந்து ஆட்டம் வேறு மாதிரி: 5-க்கு 5 கட்டம், நடுக்கட்டம் இலவசம், மீதி 24 எண்கள். அதில் வரிசை நிரம்பினாலே பரிசு என்று நினைக்கக் கூடாது. பெருக்கல் குறி, படச்சட்டம் போல நான்கு ஓரமும் என்று அந்த ஆட்டத்துக்கான வடிவத்தை முன்கூட்டியே காட்டுவார்கள், அது நிரம்பினால்தான் பரிசு.

இனி டிக்கெட் எண்ணிக்கைக்கு வருவோம். பணம் அதிகம் கரைவது இங்கேதான். ‘நிறைய வாங்கினால் ஜெயிக்கலாம்’ என்பது பாதி உண்மை. ஓர் ஆட்டத்தில் மொத்தம் 300 டிக்கெட் விற்று அதில் 3 உங்களுடையது என்றால் வாய்ப்பு நூற்றில் ஒன்று. 6 வாங்கினால் ஐம்பதில் ஒன்று. சரி, ஆனால் செலவும் இரண்டு மடங்கு. ஓர் அறை (தளத்தில் ஆட்டம் நடக்கும் பிரிவு) வசூலில் 100-க்கு 70-ஐப் பரிசாகத் தருகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று டிக்கெட் வாங்கினாலும் முப்பது வாங்கினாலும் சராசரியாக 100-க்கு 30 போய்விடும். டிக்கெட் கூடினால் இழக்கும் தொகை கூடுமே தவிர, விகிதம் மாறாது.

90 பந்து ஆட்டத்தில் ஆறு டிக்கெட்டை ஒரு தொகுப்பாக விற்பார்கள். ஆறு பதினைந்து தொண்ணூறு. 1 முதல் 90 வரை எல்லா எண்ணும் அந்த ஆறுக்குள் ஒருமுறை வந்துவிடும். விளைவு, எந்த எண்ணை அழைத்தாலும் உங்கள் திரையில் ஏதோ ஒரு கட்டம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மென்பொருள் வேறு, நிரம்பப் போகும் டிக்கெட்டை மேலே தூக்கி வைத்து ‘இன்னும் ஒன்று’ என்று மினுக்கும். இதோ வந்துவிட்டது என்று மனசு அடித்துக்கொள்ளும். அதே நேரத்தில் அந்த அறையில் இன்னும் பலருக்கும் ‘இன்னும் ஒன்று’ மினுக்கிக்கொண்டிருக்கும் என்பது மட்டும் திரையில் தெரியாது. மயிரிழையில் தவறியது என்ற அந்த உணர்வுதான் அடுத்த டிக்கெட்டை விற்கிறது.

ஆள் குறைந்த நேரத்தில் ஆடினால் நல்லது என்ற யோசனையும் அடிக்கடி காதில் விழும். பரிசுத் தொகை முன்பே நிர்ணயிக்கப்பட்ட அறைகளில் அது சரி. விற்ற டிக்கெட்டைப் பொறுத்துப் பரிசு அமையும் அறைகளில் ஆள் குறைந்தால் பரிசும் குறையும்.

ஜாக்பாட்டைப் பார்த்து அறையைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. பெரிய தொகைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், இத்தனை அழைப்புக்குள் ஃபுல் ஹவுஸ் ஆக வேண்டும் என்று இருக்கும். 90 பந்து ஆட்டத்தில் ஒரு டிக்கெட் முழுதாக நிரம்பச் சராசரியாக 85 எண்களாவது ஆகும். 40 அழைப்புக்குள் நிரம்ப வேண்டுமென்றால் அந்த டிக்கெட்டுக்கு உள்ள வாய்ப்பு சுமார் 11.4 லட்சத்தில் ஒன்று. 35 என்றால் சுமார் 1.41 கோடியில் ஒன்று. ஐந்து அழைப்பு குறைந்ததற்கே இவ்வளவு வித்தியாசம்.

வேகத்தையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான்கு நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் மணிக்கு 15. ஆட்டத்துக்கு ஆறு டிக்கெட் வீதம் 90 டிக்கெட். ஒரு டிக்கெட் என்ன பெரிய விலை என்று நினைப்பவர்கள் அதை 90-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு உட்காரட்டும். ஆட்டங்களுக்கு நடுவே காத்திருக்கும் நேரத்தில் பக்கத்திலேயே ஸ்லாட் என்னும், படங்கள் சுழலும் சூதாட்ட விளையாட்டைக் காட்டுவார்கள். அதில் ஒரு சுற்று சில விநாடிதான். பிங்கோவில் அளவோடு இருப்பவர்களும் அங்கே அளவு தாண்டிவிடுகிறார்கள்.

போனஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். 100 கட்டினால் இன்னொரு 100 போனஸ், பணத்தை எடுக்கும் முன் 30 மடங்கு தொகைக்கு ஆடி முடிக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். போனஸுக்கு மட்டும் என்றாலும் 3,000-க்கு டிக்கெட் வாங்கியாக வேண்டும். 100-க்கு 80 திரும்பி வந்தாலும் அவ்வளவையும் ஆடி முடிக்கும்போது சராசரி இழப்பு 600. கையில் இருந்ததோ 200. அதாவது நிபந்தனை முடிவதற்குள் பணம் தீர்ந்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும். டெபாசிட்டையும் சேர்த்துப் பெருக்கும் தளம் என்றால் 6,000 ஆகிவிடும். எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும், எந்த ஆட்டம் கணக்கில் சேரும், ஜெயித்தாலும் எவ்வளவு வரை எடுக்கலாம் என்பதையெல்லாம் பணம் கட்டும் முன்பே படியுங்கள். படிக்கச் சோம்பலாக இருந்தால் போனஸே வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். பல தளங்களில் அதற்கு வழி இருக்கிறது.

இந்த எண் வெகுநேரமாக வரவில்லை, இப்போது வரும் என்று கணிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒவ்வோர் ஆட்டமும் புதிதாகக் கலைத்துத் தொடங்குவது. போன ஆட்டத்தின் எண்கள் அதற்குத் தெரியாது. எண்ணை முன்கூட்டியே சொல்லும் ஆப் என்று சாட்டில் யாராவது இணைப்பு அனுப்பினால் அது மோசடி. தொலைபேசி எண் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கடைசியாகப் பணம் எடுக்கும் இடம். கணக்கில் ஒரு பெயர், வங்கியில் இன்னொரு பெயர் என்று இருந்தால் ஜெயித்த தொகை அப்படியே நிற்கும். உரிமத்தைச் சரிபார்த்த தளம் என்றால் அடையாளச் சான்றைத் தொடக்கத்திலேயே கொடுத்து முடித்துவிடுவது நல்லது. சரிபார்க்காத தளத்துக்குச் சான்று அனுப்பவே கூடாது. பரிசை எடுக்க முதலில் வரியோ கட்டணமோ அனுப்புங்கள் என்று கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பரிசு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. நேர்மையான தளங்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணம் கேட்ட பிறகு அது வந்து சேரச் சில நாள் ஆகலாம், அதுவரை ‘கோரிக்கையை ரத்து செய்’ என்ற பட்டன் சில இடங்களில் திறந்தே இருக்கும். இரவில் சலிப்பாக இருக்கும்போது அதை அழுத்தி, எடுக்கக் கேட்ட பணத்தையே திரும்ப டிக்கெட்டில் போட்டவர்கள் நிறையப் பேர். அந்தப் பட்டனைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறதா என்று அமைப்புகளில் தேடுங்கள். டெபாசிட் வரம்பும் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான் இருக்கும். முதல் டிக்கெட் வாங்கும் முன்பே இரண்டையும் வைத்துவிடலாம்.