ஒரு பவுண்டு யாங்கிக்குப் பதினொரு பவுண்டு: கூட்டுப் பந்தயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் பெட்டிங் கடைகள் 1961 முதல் சட்டப்படி நடக்கின்றன. அப்படி ஒரு கடையின் கவுண்டரில் உட்கார்ந்து சீட்டுக் கணக்குப் பார்த்தவன் நான். அதனால் உறவுக்காரப் பிள்ளைகள் கைபேசியை நீட்டி, "சித்தப்பா, இதில் எவ்வளவு வரும்?" என்று கேட்கிறார்கள். காகிதச் சீட்டு போய்த் திரை வந்துவிட்டது. கூத்து மட்டும் மாறவில்லை.

குதிரையை மாற்றித் தட்டுவது, நேரம் தவறிக் கட்டுவது, வாடகைப் பணத்தில் கை வைப்பது எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. பல குதிரைகளை ஒரே சீட்டில் சேர்த்துக் கட்டுவதுதான் கூட்டுப் பந்தயம். அதில் கட்டுகிற பணம் எவ்வளவு, திரும்புகிற பணம் எவ்வளவு என்ற கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

ஒரு பவுண்டு என்பது ஒரு வரிக்கு, அதாவது சீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும்

நான்கு குதிரைகளை வைத்து யாங்கி போட்டால் அதற்குள் ஆறு டபுள் (இரண்டு குதிரைகளும் வெல்ல வேண்டும், ஒன்றில் வரும் பணம் அடுத்ததன்மேல் போகும்), நான்கு டிரெபிள் (அதேபோல் மூன்று குதிரைகள்), நான்கும் சேர்ந்த ஒன்று என்று பதினொரு பந்தயங்கள் இருக்கின்றன. ஆகவே 'ஒரு பவுண்டு யாங்கி'க்கு 11 பவுண்டு. அதே நான்கோடு தனித்தனிப் பந்தயம் நான்கையும் சேர்த்தால் லக்கி 15. தனிப் பந்தயம் இல்லாமல் ஆறு குதிரைகள் என்றால் 57 பந்தயங்கள். ஹைன்ஸ் நிறுவனத்தின் '57 வகை' விளம்பரத்தால் அதற்கு ஹைன்ஸ் என்றே பெயர். எட்டு என்றால் கோலியாத், 247. பத்துப் பென்ஸ்தானே என்று கோலியாத் போடுகிறவரின் பையிலிருந்து 24 பவுண்டு 70 பென்ஸ் போகும்.

ஈச்-வே போட்டால் பத்திரம் என்ற நினைப்பு

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு சனிக்கிழமை மாலை அண்ணன் மகன் கூப்பிட்டான். நான்கு குதிரைகள், நான்கும் 2/1 விலை (வென்றால் ஒரு பவுண்டுக்கு இரண்டு பவுண்டு லாபம், கட்டியதும் திரும்பும்), ஒரு பவுண்டு ஈச்-வே லக்கி 15. "மூன்று குதிரை இடம் பிடித்துவிட்டன சித்தப்பா!" என்றான், குரலில் அவ்வளவு பெருமை. எத்தனை வென்றன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. எவ்வளவு கட்டினாய் என்று கேட்டேன். பதினைந்து என்றான்.

பதினைந்து அல்ல, முப்பது. ஈச்-வே என்றால் வெற்றிக்கு ஒரு பந்தயம், இடத்துக்கு ஒரு பந்தயம். ஒவ்வொரு வரியும் இரண்டாகிறது. எட்டுக் குதிரைகளாவது ஓடும் வழக்கமான பந்தயத்தில் முதல் மூன்று இடங்களுக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு தருவார்கள். 2/1 குதிரை இரண்டாவதாக வந்தால், இடத்துக்குக் கட்டிய ஒரு பவுண்டுக்கு 1.40 வரும். வெற்றிக்குக் கட்டிய பவுண்டு போயிற்று. ஆக இரண்டு பவுண்டு கொடுத்து 1.40 வாங்குகிறோம், இதற்குப் பெயர் பத்திரமாம்!

இனி அவன் சீட்டைப் பார்ப்போம். மூன்று தனிப் பந்தயங்களுக்கு 4.20. மூன்று டபுள்களுக்கு, ஒவ்வொன்றும் 1.40 × 1.40 = 1.96 வீதம், 5.88. ஒரு டிரெபிளுக்கு 2.74. மொத்தம் 12.82. முப்பதில் பதினேழு பவுண்டுக்கு மேல் காலி. ஆனால் திரையில் 12.82 என்பது பச்சை எழுத்தில் மின்னுகிறது, பையன் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறான். நான்காவது குதிரையும் இடம் பிடித்திருந்தால்? 32 பவுண்டு 18 பென்ஸ். நான்கில் நான்கும் சொன்னபடி வந்தாலும் மிஞ்சுவது இரண்டு பவுண்டுச் சொச்சம்.

இன்னொன்று: ஈச்-வே டபுளில் ஒரு குதிரை வென்று மற்றது மூன்றாவதாக வந்தால், வெற்றிப் பக்கம் முழுதும் செத்துவிடும். வென்ற குதிரையும் இடம் பிடித்ததாகவே கணக்கில் சேரும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியது. ஐந்தில் ஒரு பங்கு தரும் பந்தயத்தில் 5/1-க்குக் குறைந்த விலையுள்ள குதிரை இடம் மட்டும் பிடித்தால், போட்ட முழுப் பணம்கூடத் திரும்பாது. விலை குறைந்த குதிரைகளை ஈச்-வேயில் அடுக்குகிறவர்கள் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்கட்டும்.

ஆறுதல் சலுகை

லக்கி 15-இல் நான்கில் ஒரே குதிரை வென்றால் அதன் விலையை இரட்டிப்பாக்கும் கடைகள் உண்டு. 2/1 விலை 4/1 ஆகும். 15 பவுண்டு லக்கி 15-இல் ஐந்து பவுண்டு வரும்.

காலை விலையா, கடைசி விலையா

1996 செப்டம்பர் 28 அன்று அஸ்காட் குதிரைப் பந்தய மைதானத்தில் ஜாக்கி ஃபிராங்கி டெட்டோரி அன்றைய ஏழு ஓட்டங்களையும் வென்றார். ஏழையும் பெருக்கினால் 25,095/1. கூட்டுப் பந்தயம் போடுகிற எல்லோருக்கும் இந்த எண் மனப்பாடம். கடைசிக் குதிரை ஃபுஜியாமா கிரெஸ்ட் காலையில் 12/1. அவர்மேல் பணம் குவிந்ததால் ஓடும்போது 2/1. காலை விலையைச் சீட்டில் பதிந்தவருக்கு அந்தப் பந்தயத்தில் தொகை 13 மடங்கு, பதியாதவருக்கு 3 மடங்கு. பெருக்கலில் இது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டுமா?

எட்டு ஆட்டம் சேர்த்த கால்பந்துச் சீட்டு

இரண்டு பக்கமும் சம வாய்ப்புள்ள ஆட்டத்துக்குக் கடை 10/11 தருகிறது என்று வையுங்கள். தனியாகக் கட்டினால் கடையின் பங்கு நூற்றுக்கு நாலரை. எட்டைச் சேர்த்துக் கட்டினால் அந்தப் பங்கும் எட்டு முறை பெருகி, நூற்றுக்கு 31 ஆகிறது. பத்து ஆட்டம் சேர்த்தால் போனஸ் என்று கடைக்காரர் ஏன் அழைக்கிறார் என்பது இப்போது விளங்கும்.

ஓடாத குதிரை

சீட்டில் உள்ள ஒரு குதிரை ஓடாமல் விலகினால் டிரெபிள் டபுளாகும், டபுள் தனிப் பந்தயமாகும். சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு குதிரைகள் முதலிடத்தில் ஒன்றாக முடித்தால்

விலை பாதியாகாது, கட்டிய பணம் பாதியாகும். 2/1 குதிரைக்கு ஒரு பவுண்டு கட்டியிருந்தால் வருவது 1.50. இரண்டு பவுண்டு வர வேண்டும் என்று கவுண்டரில் சண்டை பிடித்தவர்கள் பலர். கடை விதிப்புத்தகத்தை எடுத்துக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள்.