வெளிநாட்டு செஸ் ஆட்டக்காரர் விசாக் கடிதம் கேட்டால் என்ன செய்வது?

சிங்கப்பூரில் ஓப்பன் செஸ் போட்டி ஒன்றை அறிவித்துவிட்டீர்கள், உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் நாட்காட்டியிலும் வந்துவிட்டது. இனி "சார், விசாவுக்கு இன்விடேஷன் லெட்டர் வேணும்" என்று மின்னஞ்சல் வரத் தொடங்கும். 2024 டிசம்பரில் குகேஷ் செந்தோசாவில் உலகப் பட்டம் வென்றதைப் பார்த்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த ஊரில் வந்து ஆட ஆசை இருக்கும். அவர்களுக்குக் கடிதம் சரியாகவும் சீக்கிரமாகவும் போய்ச் சேர வேண்டும், ஆனால் ஆடவே தெரியாத ஒருவர் உங்கள் போட்டியின் பெயரைச் சொல்லி உள்ளே நுழையவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் வேலை. முதல் தடவை போட்டி நடத்துபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: விசா தேவையா என்று பாருங்கள்

கேட்பவர்கள் எல்லோருக்கும் விசா தேவைப்படாது. மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், வியட்நாம், இலங்கைக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் குறுகிய வருகைக்கு விசா இல்லாமலே வரலாம். சீனக் கடப்பிதழுக்கும் 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள் வரை தேவையில்லை. இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், ஈரான் என்றால் வேண்டும். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஆட்டக்காரர் எந்த நாட்டுக்காக ஆடுகிறார் என்பது இங்கே கணக்கில்லை, கையில் எந்த நாட்டுக் கடப்பிதழ் என்பதுதான் கணக்கு.

படி 2: அழைப்புக் கடிதம் வேறு, வி39ஏ வேறு

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். அழைப்புக் கடிதம் என்பது "இவர் எங்கள் போட்டியில் பதிவு செய்திருக்கிறார்" என்று உங்கள் கடிதத்தாளில் நீங்கள் எழுதித் தருவது. வி39ஏ என்பது ஆணையத்தின் படிவம். இங்கே இருக்கும் ஒரு குடிமகனோ நிரந்தரவாசியோ, அல்லது இங்கே பதிவான அமைப்போ, உள்ளூர்த் தொடர்பாளராக முன்வந்து விண்ணப்பதாரரை அறிமுகப்படுத்துவது. முன்பின் தெரியாத ஆட்டக்காரருக்கு அழைப்புக் கடிதம் தரலாம், தவறில்லை. வி39ஏ கேட்டால் மட்டும் நிதானமாக யோசியுங்கள், அதிலுள்ள உறுதிமொழிகளை வரிவரியாகப் படித்த பிறகு குழுவாக முடிவெடுங்கள். தன்னார்வலர் யாரும் பாவம் பார்த்துத் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட வேண்டாம்.

படி 3: ஆள் உண்மையான ஆட்டக்காரர்தானா?

நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. ஃபிடே எண்ணை, அதாவது ஆட்டக்காரருக்கு ஃபிடே தரும் அடையாள எண்ணைக் கேளுங்கள், ஃபிடேயின் ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான புள்ளி) பக்கத்தில் போட்டுப் பாருங்கள், கடைசியாக எப்போது ரேட்டிங் ஆட்டம் ஆடினார் என்று கவனியுங்கள். ஆனால் அந்த எண் எல்லோரும் பார்க்கக்கூடியது, யார் வேண்டுமானாலும் இன்னொருவருடைய எண்ணைக் காப்பி எடுத்து அனுப்பலாம். அதனால் கடப்பிதழின் தகவல் பக்கத்தையும் கேட்டு வாங்கி, பெயரும் பிறந்த ஆண்டும் ஃபிடே பக்கத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஃபிடேயில் உலகப் பட்டம் வென்ற குகேஷின் பெயரே 'குகேஷ் டி' என்று இனிஷியலோடுதான் இருக்கிறது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும் பிள்ளையின் கடப்பிதழில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கிடக்கும், ஃபிடேயில் ஒரே ஒரு எழுத்து நிற்கும். இது சந்தேகத்துக்குரிய விஷயமே இல்லை, நிராகரித்துவிடாதீர்கள். கடிதத்தில் கடப்பிதழில் உள்ளபடியே பெயரை எழுதி, பக்கத்தில் ஃபிடே எண்ணைப் போட்டுவிட்டால் போதும்.

ரேட்டிங் இல்லாத பெரியவர்கள் நாலைந்து பேருக்குச் சேர்த்து ஒரே முகவரியிலிருந்து விண்ணப்பம் வந்தால், அல்லது போட்டியைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் கடிதத்துக்கு மட்டும் அவசரப்படுத்தினால், அவர்களுடைய நாட்டுச் சம்மேளனத்திலிருந்து உறுதி மின்னஞ்சல் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள். உண்மையான ஆட்டக்காரருக்கு அது சிரமமில்லை.

படி 4: கட்டணம்

நுழைவுக் கட்டணம் வந்து, பெயர் பங்கேற்பாளர் பட்டியலில் ஏறிய பிறகே கடிதம். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, எவ்வளவு பிடித்தம் என்பதைப் போட்டி விதிகளிலேயே எழுதிவையுங்கள். என்னைக் கேட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டுபவருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டும், விமான டிக்கெட்டில் அவர்கள் ஏற்கெனவே இழந்திருக்கலாம்.

படி 5: கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

அமைப்பின் பெயர், முகவரி, யுஇஎன் எண் (சிங்கப்பூரில் அமைப்புகளுக்குத் தரப்படும் பதிவு எண்), தேதி, கடித எண். ஆட்டக்காரரின் பெயர், பிறந்த தேதி, கடப்பிதழ் எண், நாடு, ஃபிடே எண். போட்டியின் பெயர், இடம், முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் நடக்கும் தேதிகள். பயணச் செலவும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்று ஒரு வரி; ஆட்டக்காரரே பார்த்துக்கொள்கிறார் என்றால் அப்படியே எழுதுங்கள், மழுப்ப வேண்டாம். கையெழுத்துக்குக் கீழே பகலில் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண். விசாவைப் பரிசீலிக்கும் இடத்திலிருந்து யாராவது கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும் இல்லையா? "விசா கிடைக்கும் என்று உத்தரவாதம் தருகிறோம்" போன்ற வாசகம் எதுவும் வேண்டாம்.

பிள்ளையோடு வரும் அப்பா அம்மாவுக்கும் கடிதம் தேவைப்படும். அவர்களை ஆட்டக்காரர் என்று எழுதாமல் 'உடன் வரும் பெற்றோர்' என்றே குறிப்பிடுங்கள். வருபவர் இங்கே காசு வாங்கிக்கொண்டு பயிற்சி வகுப்பும் எடுக்கப்போகிறார் என்றால், அது உங்கள் கடிதத்துக்குள் வராது, மனிதவள அமைச்சின் விதிகளைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 6: நேரம்

விசா விண்ணப்பத்தை வருகைத் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள் போட வேண்டும். பரிசீலனைக்குச் சாதாரணமாக மூன்று வேலை நாள், சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும். கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி, திரும்பக் கிடைக்காது. இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகப் போட்டால் அவருடைய சேவைக் கட்டணம் தனி. ஆகவே அந்த 30 நாள் தொடங்கும்போது கடிதம் ஆட்டக்காரர் கையில் இருக்க வேண்டும். போட்டிக்கு ஆறு வாரம் முன்னால் கடிதம் கேட்பதற்குக் கடைசி நாள் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். கடிதத்தை அனுப்பும் மின்னஞ்சலிலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எஸ்ஜி வருகை அட்டையை ஆணையத்தின் தளத்தில் இலவசமாக நிரப்ப வேண்டும், அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் ஆணையத்தினுடையது அல்ல.

படி 7: பதிவேடு

யாருக்கு, எந்த எண்ணில், எந்தத் தேதியில் கடிதம் போனது, அவர் வந்து ஆடினாரா என்று ஒரே எக்செல் தாளில் வைத்திருங்கள். கடிதம் வாங்கிக்கொண்டு முதல் சுற்றுக்கு வராதவரிடம் அன்றைக்கே காரணம் கேளுங்கள், பதில் இல்லையென்றால் அவருடைய சம்மேளனத்துக்குத் தெரிவியுங்கள். கடப்பிதழ்ப் படங்களைக் குழுவின் வாட்ஸ்அப்பில் பகிரவே கூடாது, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் பொருந்தும். ஒருவர் மட்டும் வைத்திருந்து, போட்டிக் கணக்கு முடிந்ததும் அழித்துவிடட்டும்.