மலையிலிருந்து சென்றவர்கள் உயர்நிலை ஆங்கிலத் தேர்வுக்குப் பழகும் முறை

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களிலிருந்து இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் அண்மையில் சென்று சேர்ந்தவர்கள், குன்னூரில் ஆங்கிலப் பயிற்சி அளிக்கும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் வந்து முடிகின்றன. வேலை செய்யும் இடத்தில் பேச முடிகிறது, கடையிலும் வங்கியிலும் காரியம் நடக்கிறது, ஆனாலும் மாதிரித் தேர்வில் மட்டும் மதிப்பெண் ஏற மறுக்கிறதே, ஏன்? அன்றாடப் பேச்சில் காரியம் முடிந்தால் போதும் என்பதே அதற்கு விடை. உயர்நிலைத் தேர்வு அதோடு நிற்பதில்லை. ஒரே செய்தியை நகராட்சிக்கு எழுதும்போதும் நண்பருக்கு எழுதும்போதும் தொனி எப்படி மாறுகிறது என்பதையும், இரண்டு கருத்துகளைச் சீர்தூக்கிப் பார்த்து ஒன்றன் பக்கம் காரணத்தோடு நிற்க முடிகிறதா என்பதையும் அது சோதிக்கிறது. இதற்காகப் புதிய பொது அறிவைத் தேடி அலைய வேண்டியதில்லை. பசுந்தேயிலை விலை, சுற்றுலா வண்டிகளுக்கான இ-பாஸ், ஊருக்குள் இறங்கும் காட்டெருமை என நாம் தமிழிலும் படுகர் மொழியான படுகிலும் மணிக்கணக்கில் வாதாடும் செய்திகளையே ஆங்கிலத்தில், நேரக் கட்டுப்பாட்டோடு, வாதாடிப் பழகுவதுதான் என் அனுபவத்தில் பலன் தரும் வழி.

அதற்கு முன்னால், எந்தத் தேர்வு உங்களுக்கு வேண்டும் என்பதை உறுதிசெய்து கொள்ளுங்கள். இங்கே நான் எழுதுவது கேம்பிரிட்ஜின் சி1 அட்வான்ஸ்டு தேர்வைப் பற்றி. ஏ1 முதல் சி2 வரை ஏறும் மொழித்திறன் நிலைகளில் சி1 மேலிருந்து இரண்டாவது. 1991-இல் தொடங்கிய இத்தேர்வைப் பழைய ஆசிரியர்கள் இன்றும் சிஏஇ என்றே சொல்வார்கள். இதற்கு மேலே இருக்கும் சி2 புரொஃபிஷியன்ஸி 1913-லேயே வந்துவிட்டது. முதல் ஆண்டில் அதை எழுதிய மூவருமே தேறவில்லை என்பதை, முதல் மாதிரித் தேர்வில் சோர்ந்துபோகும் மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு. சி1 சான்றிதழைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. ஆஸ்திரேலிய விசாவுக்கும் அது செல்லும். ஆனால் இங்கிலாந்து விசாவுக்கு அந்நாட்டு உள்துறை ஏற்கும் தேர்வுகளின் தனிப் பட்டியல் இருக்கிறது, அதில் இது இல்லை. அங்கே செவிலியராகப் பதிவு செய்ய விரும்புவோர் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் பிரிவையோ, மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வையோ எழுத வேண்டும். கனடாவின் குடியேற்ற முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்கள் ஜெனரல் பிரிவைத்தான் எழுத வேண்டும், அகாடமிக் பிரிவு அங்கே செல்லாது. பணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஆகவே, சான்றிதழைக் கேட்கும் அலுவலகத்தின் இணையதளத்தை நீங்களே படித்துப் பாருங்கள். உறவினர் சொன்னார் என்பதை நம்பிப் பதிவு செய்ய வேண்டாம்.

சி1 தேர்வில் நான்கு தாள்கள் உண்டு. படித்தலும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த முதல் தாளில் ஒன்றரை மணி நேரத்தில் எட்டுப் பகுதிகளில் 56 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். தாள்கள் நான்கே என்றாலும் மதிப்பெண்கள் ஐந்து: படித்தல், மொழிப் பயன்பாடு, எழுதுதல், கேட்டல், பேசுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு. இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. மொழிப் பயன்பாட்டு மதிப்பெண் முழுவதும் முதல் தாளின் இரண்டு, மூன்று, நான்காம் பகுதிகளிலிருந்து, அதாவது வெறும் 22 வினாக்களிலிருந்து வருகிறது. நீண்ட வாசிப்புப் பத்திகளைக் கண்டு பயந்து அவற்றிலேயே மாதங்களைச் செலவழிப்பதைவிட, இந்த 22 வினாக்களில் நாளொன்றுக்கு அரை மணி நேரம் உட்காருவது நல்லது.

இரண்டாம் பகுதியில் இடைவெளிக்குப் பொருந்தும் ஒற்றைச் சொல்லை நாமே தர வேண்டும். அங்கே கேட்கப்படுபவை பெரும்பாலும் தி, ஆஃப், விச் போன்ற சின்னச் சொற்கள். நம் மொழியில் இவற்றின் வேலையை வேற்றுமை உருபும் எச்சங்களும் பார்த்துக்கொள்வதால், பேசும்போது இவற்றை விழுங்கிவிட்டாலும் நமக்கு உறுத்துவதில்லை. மூன்றாம் பகுதியில் டிபெண்ட் என்ற சொல்லைக் கொடுத்தால், வாக்கியத்தை முழுதாகப் படித்த பிறகுதான் வேண்டியது இன்டிபென்டன்ட்லி என்பது தெரியும். எதிர்மறையா என்று பார்க்காமல் எழுதுவதே இங்கே அதிகம் நடக்கும் பிழை. நான்காம் பகுதி, ஒரு வாக்கியத்தின் பொருள் மாறாமல், தந்த சொல்லையும் மாற்றாமல், மூன்று முதல் ஆறு சொற்களில் அதைத் திருப்பி எழுதுவது. "ஐ விஷ் ஐ ஹாட்ன்ட் சோல்ட் தி லேண்ட்" என்பதை ரிக்ரெட் என்ற சொல்லைக் கொண்டு எழுதச் சொன்னால், "ரிக்ரெட் செல்லிங் தி லேண்ட்" என்று வர வேண்டும். "ரிக்ரெட் டு செல்" என்று எழுதினால் மதிப்பெண் குறையும். இப்படிப்பட்ட இணைகளைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். விதியை மனப்பாடம் செய்வதைவிட, விற்றுவிட்ட நிலத்தையோ தவறவிட்ட பஸ்ஸையோ வைத்து நீங்களே வாக்கியம் அமைப்பது நினைவில் நிற்கும்.

எழுத்துத் தாளில்தான் நம் ஊர்ப் பழக்கம் அதிகம் இடறுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு படைப்புகள், ஒவ்வொன்றும் 220 முதல் 260 சொற்கள். முதலாவது எல்லோருக்கும் கட்டாயமான கட்டுரை. இரண்டாவது கடிதம் அல்லது மின்னஞ்சல், அறிக்கை, முன்மொழிவு, மதிப்புரை ஆகியவற்றிலிருந்து தரப்படும் மூன்று தலைப்புகளில் ஒன்று. முன்மொழிவு என்றதும் நம்மவர்கள் பலர் மனு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எழுதிப் பழகிய கை அது. பெருமதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, பல ஆண்டுகளாகத் துன்பப்படுவதைச் சொல்லி, ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொண்டு முடியும். அந்த வடிவத்துக்கு அதற்கான இடம் உண்டு; தேர்வில் அது தொனிப் பிழையாகிவிடும். முன்மொழிவு எழுதுபவர் இரங்கிக் கேட்பவர் அல்லர். நிலைமையைத் தெரிந்துகொண்டு, செய்யக்கூடியது இது என்று பரிந்துரைத்து, அதனால் விளையும் பயனைக் காட்டுபவர்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். சுற்றுலாப் பருவத்தில் போக்குவரத்து நெரிசலைக் குறைக்க உங்கள் ஊர் மன்றம் முன்மொழிவுகள் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தி இரண்டே வாக்கியங்களில் நோக்கத்தைச் சொல்லட்டும். இரண்டாம் பத்தியில் இன்றைய நிலை: மே மாத மலர்க் கண்காட்சி நாள்களில் குன்னூர்-உதகை சாலையில் வண்டிகள் நகராமல் நிற்பது, உள்ளூர்ப் பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள் தாமதமாவது, ஆம்புலன்ஸுக்கு வழி கிடைக்காதது. மூன்றாம் பத்தியில் நடப்பிலுள்ள ஏற்பாட்டை மதிப்பிடலாம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகளும் வார இறுதியில் 8,000 வண்டிகளும் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இது போதுமா, இதோடு அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சிற்றுந்தில் மேலே வரும் வசதியும் வேண்டுமா என்பது உங்கள் பரிந்துரை. கடைசிப் பத்தியில் விடுதிக்காரருக்கும் ஊர்க்காரருக்கும் கிடைக்கும் பயன். நீங்கள் தரும் எண்கள் சரியா என்று தேர்வாளர் பார்க்கப் போவதில்லை. அவர் பார்ப்பது நான்கு அம்சங்களை: கேட்டதை எழுதினீர்களா, படிப்பவருக்கும் வடிவத்துக்கும் ஏற்ற முறையில் எழுதினீர்களா, கோர்வை இருக்கிறதா, மொழி எப்படி. ஆனாலும் தெரிந்த எண்ணும் தெரிந்த சாலையும் கையில் இருந்தால், வாக்கியங்கள் வெற்று அலங்காரத்தில் இறங்காமல் செய்தியைச் சொல்லும்.

கட்டாயக் கட்டுரையில் மூன்று குறிப்புகள் தந்து, அவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் எழுதச் சொல்வார்கள். மூன்றையும் தொட்டுவிட்டால் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். 260 சொற்களுக்குள் மூன்றும் அரைகுறையாகிவிடும். இரண்டில் எது முக்கியம் என்று ஒரு பக்கம் நிற்பதும் கேள்வியின் பகுதி. இரு தரப்பிலும் நியாயம் உள்ளது என்று பஞ்சாயத்துப் பேசி நழுவுவது இங்கே எடுபடாது.

கேட்டல் தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏறத்தாழ 40 நிமிடம், 30 வினாக்கள், ஒவ்வோர் ஒலிப்பதிவும் இருமுறை ஒலிக்கும்; ஐஇஎல்டிஎஸ் தேர்வில் ஒரே முறைதான். நீங்கள் வெளிநாட்டில் இருப்பதே இதில் பாதிப் பயிற்சி. பிபிசி ரேடியோ 4 போன்ற பேச்சு வானொலியை வேலைக்குப் போகும் வழியில் கேளுங்கள். பேசுபவர் என்ன சொன்னார் என்பதோடு, சொன்னதை அவர் நம்புகிறாரா, தயங்குகிறாரா, கேலி செய்கிறாரா என்பதையும் கவனியுங்கள். வினாக்கள் அங்கேதான் எழும்.

பேச்சுத் தேர்வு 15 நிமிடம். இரண்டு தேர்வாளர்கள் முன் இரண்டு பேர் சேர்ந்து அமர வேண்டிய தாள் இது ஒன்றே. இரண்டாம் பகுதியில் மூன்று படங்களைக் காட்டுவார்கள். அவற்றில் இரண்டை ஒப்பிட்டு ஒரு நிமிடம் பேச வேண்டும். படத்தில் என்ன இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போவது முதல் தவறு. நம் மலையவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மழையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு பெண்கள் கொழுந்து பறிக்கும் படத்தைப் பயிற்சியில் கொடுத்தால், இவர்கள் தடையில்லாமல் பேசுகிறார்கள்: கிலோ கணக்கில் கூலி, மதியம் எடை போடுதல், கத்தரிக்கோல் வைத்து வெட்டுவதால் தரம் குறைவது எல்லாம் வந்துவிடுகின்றன. கேள்வியோ, இவர்கள் எதற்காக இந்த நிலையிலும் வேலை செய்யக்கூடும், எப்படி உணரக்கூடும் என்பது. விடை ஊகமாக இருக்க வேண்டும். மே, மைட், சீம் ஆகிய சொற்களுக்கு அங்கேதான் வேலை. தெரிந்ததைத் தெரியாததுபோல் பேசுவது எளிதல்ல, அதனால் இந்தப் பகுதிக்கு மட்டும் பனிச்சறுக்கு, மீன்பிடி படகு என்று நமக்குப் பழக்கமில்லாத படங்களையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

மூன்றாம் பகுதியில் தலைப்பைப் பார்க்க 15 விநாடி தந்து, இருவரையும் இரண்டு நிமிடம் கலந்து பேசவும், பிறகு ஒரு நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வரவும் சொல்வார்கள். பெரியவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே ஊமையாகிவிடுகிறார்கள். சபையில் பேசிப் பழகியவர்களோ மற்றவருக்கு வாய்ப்பே தருவதில்லை. இரண்டிலும் மதிப்பெண் போகும், ஏனென்றால் உரையாடலை இருவருமாக நடத்திச் செல்வது தனி அளவுகோல். எதிரில் இருப்பவர் உங்களைவிட நன்றாகப் பேசினாலும் உங்கள் மதிப்பெண் அதனால் குறையாது. இருவரையும் ஒப்பிட்டு மதிப்பிடுவதில்லை.

ஆகவே ஒரு துணை அவசியம். கணவனும் மனைவியும் சேர்ந்து பழகுவதாகச் சொல்லும் வீடுகளில் மூன்றாவது வாக்கியத்திலேயே பேச்சு படுகுக்கோ தமிழுக்கோ திரும்பிவிடுகிறது, பிறகு அது சமையலைப் பற்றியதாகிவிடுகிறது. ஊரில் இதே தேர்வுக்கோ ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கோ படிக்கும் ஒருவரோடு வாரம் இருமுறை வீடியோ அழைப்பில் பழகுவது மேல். நேரத்தை மட்டும் சரியாகக் கணக்கிடுங்கள்: இங்கிலாந்தில் ஞாயிறு காலை 9 மணி என்றால் அங்கே கோடையானால் இங்கே பிற்பகல் 1.30, குளிர்காலமானால் 2.30. டொராண்டோவில் காலை 8 என்றால் இங்கே மாலை 5.30 அல்லது 6.30. மெல்போர்னில் இரவு 7 என்றால் இங்கே பிற்பகல் 1.30 அல்லது 2.30. அக்டோபர், நவம்பர் மழையில் கோத்தகிரிப் பக்கம் மின்சாரமும் சிக்னலும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களுக்கு இரண்டாவது துணையாகச் சமவெளியில் ஒருவரைப் பிடித்து வைத்திருங்கள். அழைப்பில் கைக்கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள், உரையாடலைப் பதிவு செய்து ஒருமுறை கேளுங்கள். யார் எவ்வளவு நேரம் பேசினார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மாதிரி வினாத்தாள்கள் கேம்பிரிட்ஜ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை முதல் வாரத்திலேயே எழுதித் தீர்த்துவிடாமல், ஒன்றைத் தொடக்கத்திலும் ஒன்றைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பும் எழுதுங்கள். முடிவு வரும்போது ஐந்து மதிப்பெண்களும் தனித்தனியே இருக்கும், அவற்றின் சராசரி ஒட்டுமொத்த மதிப்பெண்ணாக அமையும். 180 முதல் 192 வரை சி கிரேடு, 193 முதல் 199 வரை பி, 200 முதல் ஏ. ஏ கிரேடு பெற்றவருக்கு சி2 நிலை என்றே சான்றிதழில் குறிப்பிடுவார்கள். 160 முதல் 179 வரை பெற்றால் சி1 தேறவில்லை என்றாலும் பி2 நிலைக்கான சான்றிதழ் வரும். சான்றிதழில் காலாவதித் தேதி கிடையாது. ஆனால் அதைக் கேட்கும் பல்கலைக்கழகமோ அரசோ இத்தனை ஆண்டுகளுக்குள் எழுதியிருக்க வேண்டும் என்று தன் பங்குக்கு வரம்பு வைத்திருக்கலாம் என்பதால், விண்ணப்பத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தேர்வு நாளைப் பதிவு செய்யுங்கள்.