சிட்னியிலிருந்து டப்போ மிருகக்காட்சிசாலைக்கு: புதிதாக வந்தவர்களின் முதல் நெடும்பயணம்

வெஸ்ட்மீட், பென்டில் ஹில், டூங்காபி பக்கம் புதிதாகக் குடிவந்த குடும்பங்கள், வீடும் பள்ளியும் ஒரு வழியாக அமைந்து கைக்கு ஒரு பழைய காரும் வந்ததும் என்னிடம் கேட்பது, "பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?" என்பதுதான். நான் டப்போ என்று சொல்வேன். துறைமுகத்தை ஒட்டியிருக்கும் டாரோங்கா மிருகக்காட்சிசாலைக்கு எந்த நாளும் ஃபெரி ஏறிப் போய்விடலாம். டப்போவுக்குப் போக ப்ளூ மவுன்டன்ஸைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் ஆட்டு மந்தைகளும் மேய்ச்சல் வெளிகளும் ஒரே தெரு கொண்ட சிற்றூர்களுமாக வேறொரு ஆஸ்திரேலியா தொடங்குகிறது. சிட்னியின் மேற்குப் புறநகரை மட்டும் பார்த்துவிட்டு இந்த நாடு இப்படித்தான் என்று முடிவுக்கு வரக் கூடாது. முதல் வருடத்திலேயே ஒரு முறை மலையைத் தாண்டிவிடுங்கள்.

அங்கே இருப்பது டாரோங்கா வெஸ்டர்ன் பிளெய்ன்ஸ் ஜூ. சிட்னி டாரோங்காவின் தங்கை என்று சொல்லலாம். 1977 பிப்ரவரியில் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ முகாம் இருந்த நிலம் அது. சிட்னியில் மலைச்சரிவில் இடம் குறைவு. சமவெளியில் மேயும் பெரிய விலங்குகளை மந்தையாக வளர்த்து இனம் பெருக்க அகலமான இடம் வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தார்கள். பெரும்பாலான இடங்களில் நமக்கும் விலங்குக்கும் நடுவே உயரமான கம்பி வேலி கிடையாது, அகழிதான். ஏறக்குறைய 6 கிலோமீட்டர் சுற்றுச் சாலை. அதில் சொந்தக் காரிலேயே ஓட்டிப் போய், வேண்டிய இடத்தில் நிறுத்தி இறங்கிப் பார்க்கலாம். கைக்குழந்தையும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவும் கூட இருக்கிற குடும்பத்துக்கு இதைவிட வசதி வேறு எங்கும் இல்லை.

சிட்னியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். நிறுத்தாமல் ஓட்டினால் ஐந்து மணி நேரம், பிள்ளைகளோடு போனால் ஆறரை. இந்தப் பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் பார்க்க வேண்டியது பொழுதை. மலைக்கு அப்பால் வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் உங்கள் கார் ஓட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஊரில் நாம் நீண்ட பயணத்தை இரவில்தான் வைத்துக்கொள்வோம்: வெயில் இருக்காது, பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், விடியும்போது ஊர் வந்துவிடும். இங்கே அந்தப் பழக்கம் ஆபத்து. கங்காருக்கள் மேய வருவது அந்தி சாயும் நேரத்திலும் விடியற்காலையிலும். நெடுஞ்சாலையில் விளக்குக் கம்பங்கள் கிடையாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது சாலையோரப் புல்லிலிருந்து ஒன்று குதித்தால் நிறுத்த அவகாசம் இருக்காது. அப்படியே குறுக்கே வந்துவிட்டாலும் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். நேராக வைத்தபடி பிரேக் பிடியுங்கள். கங்காருவைத் தவிர்க்கப் போய் மரத்தில் மோதுவதும் கார் கவிழ்வதும்தான் உயிரைப் பறிக்கிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து கிளம்பும் யோசனையை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் போதும். மலையில் ஏறும்போது விடிந்துவிடும், மதியத்துக்குள் டப்போ. நாங்கள் பார்த்தவரை இங்கே பொது நுழைவுச் சீட்டு அடுத்தடுத்த இரண்டு நாளுக்குச் செல்லும். வாங்கும்போது அந்த வரியை ஒரு முறை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். சனி மதியம் பாதி, ஞாயிறு காலை மீதி என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் அலுப்பு இருக்காது. காலை 9 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடிவிடுவார்கள். "மூணு மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் பார்த்துவிடலாம்" என்று நம்பிப் போகாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் ஓட்டுநர் உரிமத்தைப் பாருங்கள். தற்காலிக விசாவில் வந்தவர்கள் நியூ சவுத் வேல்ஸில் ஆறு மாதம் வரை வெளிநாட்டு உரிமத்தில் ஓட்டலாம், அதற்குள் இங்கத்திய உரிமத்துக்கு மாற வேண்டும். நிரந்தர விசாக்காரர்களுக்கு மூன்றே மாதம். உரிமம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ கையில் இருக்க வேண்டும். இடது பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான், அதில் சிரமமில்லை. ஆனால் போனைக் கையில் எடுத்தாலோ சீட் பெல்ட் சரியாகப் போடாவிட்டாலோ கேமராவே பிடித்துவிடும், பின் சீட்டில் இருப்பவர்களின் பெல்ட்டுக்கும் அபராதம் ஓட்டுநருக்குத்தான் வரும். புடவைத் தலைப்பு கசங்குகிறது என்று பெல்ட்டைக் கைக்குக் கீழே விட்டுக்கொள்ளும் பாட்டிகளிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஈஸ்டர், ஜூனில் மன்னர் பிறந்தநாள், அக்டோபரில் தொழிலாளர் தினம் போன்ற நீண்ட வார இறுதிகளில், தவறுக்காக உரிமத்தில் ஏறும் டீமெரிட் புள்ளிகள் இரட்டிப்பு.

குழந்தை இருக்கை விஷயத்தில் தயவுசெய்து சமரசம் வேண்டாம். சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ வாங்கிக் கொண்டுவந்தது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இங்கே செல்லாது. ஆஸ்திரேலியத் தரமான ஏ.எஸ்/என்.இசட்.எஸ் 1754 முத்திரை ஒட்டியதாக இருக்க வேண்டும். ஆறு மாதம் வரை பின்பக்கம் பார்த்த இருக்கை. அதன் பிறகு நான்கு வயது வரை, இருக்கையோடு சேர்ந்த பட்டை கொண்ட இருக்கை, அது எந்தப் பக்கம் பார்த்தாலும் சரி. நான்கிலிருந்து ஏழு வரை முன்பக்கம் பார்த்த அதே பட்டை இருக்கை அல்லது பூஸ்டர் என்ற உயர்த்தும் இருக்கை. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்வரிசையில் உட்கார வைக்கக் கூடாது, மடியில் வைத்துக்கொள்வது பற்றிப் பேச்சே இல்லை. சொந்தமாக வாங்க வசதிப்படாவிட்டால் வாடகைக்குக் கிடைக்கிறது. அங்கீகாரம் பெற்ற இடத்தில் பொருத்திக்கொண்டால் ஐந்து மணி நேரப் பயணத்தில் மனம் நிம்மதியாக இருக்கும்.

வாடகைக் கார் எடுக்கிறவர்கள் விலங்கு மோதினால் யார் பொறுப்பு, மண் சாலையில் ஓட்டலாமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். சிலவற்றில் ஊருக்கு வெளியே இரவில் விலங்கு மோதினால் காப்பீடு கிடையாது. சொந்தக் காரோ வாடகைக் காரோ, வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு அப்பால் சில இடங்களில் சிக்னல் போய்விடும். எமர்ஜென்சி பிளஸ் என்ற செயலியையும் போட்டு வையுங்கள்; அவசர உதவி எண்ணான 000-ஐ அழைக்கும்போது நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல உதவும். பெட்ரோல் விலையை ஃப்யூயல்செக் செயலியில் ஒப்பிட்டுப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம்.

வழி எளிது. எம்4-இல் மேற்கே போய் கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயில் மலை ஏறி, கட்டூம்பா, லித்கோ தாண்டி பாதர்ஸ்ட். பிறகு ஆரஞ்சு, மோலாங், வெலிங்டன், டப்போ. லித்கோவிலிருந்து மட்ஜி வழியாகவும் போகலாம். அது அழகான பாதை, ஆனால் முதல் முறை போகிறவர்களுக்கு ஊர்களும் ஓய்விடங்களும் அதிகமுள்ள பாதர்ஸ்ட் வழிதான் நல்லது. புறப்படும் காலை லைவ் டிராஃபிக் என்.எஸ்.டபிள்யூ தளத்தில் மலைச் சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில் லித்கோ, ஆரஞ்சு பக்கம் காலையில் மூடுபனியும், சில நாள் சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியும் இருக்கும். அப்போது வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள்.

மலைக்கு அப்பால் பெரும்பாலும் இருவழிச் சாலை. நீளமான லாரி ஒன்று முன்னே போனால் பொறுமையாகப் பின்னால் போங்கள். சில கிலோமீட்டருக்கு ஒரு முறை முந்திச் செல்லத் தனித் தடம் வரும், வருவதை முன்கூட்டியே பலகையில் போட்டிருப்பார்கள். ஊருக்குள் நுழையும்போது 100 என்றிருந்தது 50 ஆகிவிடும்.

பாதர்ஸ்ட் ஏறக்குறைய பாதி வழி, காலை உணவுக்குச் சரியான இடம். மவுன்ட் பனோரமா கார் பந்தயத் தடம் இங்கேதான். பந்தயம் இல்லாத நாட்களில் அது பொதுச் சாலை. 6.2 கிலோமீட்டர் சுற்று. நீங்களும் ஓட்டலாம், ஆனால் வேக வரம்பு 60, போலீஸும் கண்காணிக்கும். பிள்ளைகளுக்கு இதுவே பாதிப் பயணத்தின் மகிழ்ச்சி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டுநர் இறங்கி நடக்க வேண்டும். நீண்ட வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறையிலும் வழியில் 'டிரைவர் ரிவைவர்' என்ற பலகை தெரிந்தால் நிறுத்துங்கள். உள்ளூர்த் தன்னார்வலர்கள் இலவசமாகத் தேநீரும் பிஸ்கட்டும் தந்து இரண்டு வார்த்தை பேசுவார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆவலாகக் கேட்பார்கள். நின்று பதில் சொல்லுங்கள். இந்த நாட்டில் நமக்கு முதலில் அறிமுகமாக வேண்டியவர்கள் இவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டை வீட்டிலிருந்து எடுத்துப் போவதே உத்தமம். இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டால் காலைக்கு ஆயிற்று, புளியோதரை மதியத்துக்கு. தயிர்சாதத்தை எஸ்கி என்ற குளிர்காப்புப் பெட்டியில் ஐஸ் வைத்து வையுங்கள், கோடையில் காருக்குள் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். தங்குவதற்கு மோட்டலைவிட காரவன் பார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும் கேபின் என்ற சிறு வீடு நமக்குப் பொருந்தும்: அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இருக்கும், பிள்ளைகள் ஓட வெளியே இடமும் உண்டு. சிறிய ரைஸ் குக்கரும் பருப்பும் எடுத்துப் போய்விட்டால் இரவுச் சாப்பாடு பற்றிய கவலை இல்லை. நாட்டுப்புற ஊர்களில் எட்டு, எட்டரைக்கெல்லாம் உணவக அடுப்பை அணைத்துவிடுவார்கள். பள்ளி விடுமுறை என்றால் கேபினை வெகு முன்பே பதிவு செய்யுங்கள்.

சரி, ஜூவுக்குள் வருவோம். சனி மதியம் காரிலேயே ஒரு சுற்று மெதுவாகப் போய் எது எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை திறந்தவுடன் போய் முதல் நாள் பிடித்ததை மட்டும் நிதானமாகப் பாருங்கள். காலைக் குளிர்ச்சியில் விலங்குகள் எழுந்து நடமாடும்; கோடை மதியத்தில், 35 டிகிரிக்கு மேல், சிங்கமும் புலியும் நிழலில் படுத்துத்தான் இருக்கும். பெரிய பிள்ளைகள் இருந்தால் ஞாயிறு காலைக்குச் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள், அல்லது சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோகலாம். ஹெல்மெட் எல்லா வயதினருக்கும் கட்டாயம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு மின்சார வண்டியும் வாடகைக்கு உண்டு.

காண்டாமிருகங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். கறுப்பு, வெள்ளை, ஒற்றைக்கொம்பு என மூன்று வகையும் இங்கே இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் கொம்புக்காகக் கறுப்புக் காண்டாமிருகங்கள் கொன்று குவிக்கப்பட்ட காலத்தில், 1990களின் தொடக்கத்தில், ஜிம்பாப்வேயிலிருந்து சிலவற்றை இங்கே கொண்டுவந்தார்கள். அவற்றின் வழியில் பல கன்றுகள் இந்த ஊரில் பிறந்திருக்கின்றன. ஒற்றைக்கொம்பு நம் அஸ்ஸாமுக்கு உரியது. கிண்டி பூங்காவில் வெளிமான் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதே மான் இங்கே அகழிக்கு அந்தப் பக்கம் மேய்வதைப் பார்க்கும்போது நெஞ்சு நெகிழும். ஆசிய யானைகளும் உண்டு. பராமரிப்பாளர்கள் விலங்குகளைப் பற்றிப் பேசும் நேரங்களை நுழைவாயிலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கப் பிள்ளைகளைத் தூண்டிவிடுங்கள், அவர்கள் ஆர்வமாகப் பதில் சொல்வார்கள். இந்த நிலம் விராட்ஜுரி என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்களைப் பற்றியும் கேளுங்கள்.

தொப்பி, எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்கிரீன், தாராளமாகத் தண்ணீர் எல்லாம் அவசியம். நம் தோலுக்கு இந்த வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். கோடையில் ஈத்தொல்லையும் உண்டு. குளிர்காலத்தில் பகல் இதமாக இருக்கும், இரவு பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். கேபினுக்குக் கூடுதல் போர்வை எடுத்துப் போங்கள். ஏப்ரல், மே, செப்டம்பர் மாதங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

திரும்பும்போதும் பொழுதுதான் கணக்கு. ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் ஞாயிறு பதினோரு மணிக்குள் டப்போவை விட்டுவிட வேண்டும். கோடையில் எட்டு மணி வரை வெளிச்சம் இருப்பதால் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், ஆனால் ஞாயிறு மாலை மலையிலிருந்து சிட்னிக்கு இறங்கும் பாதையில் நெரிசல் அதிகம். வெலிங்டன் குகைகளையும் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள், ஒரே வார இறுதிக்குள் திணிக்க வேண்டாம்.

இன்னும் கார் வாங்காதவர்களுக்கும் வழி உண்டு. சென்ட்ரல் நிலையத்திலிருந்து தினமும் காலையில் டப்போவுக்கு எக்ஸ்.பி.டி ரயில் புறப்படுகிறது. ஏறக்குறைய ஆறரை மணி நேரப் பயணம். இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு போய்ச் சேர்வதால், ஞாயிறு முழுவதும் ஜூவில் இருந்துவிட்டுத் திங்களன்று திரும்புவதாக வைத்துக்கொண்டால் நிதானமாக இருக்கும். ஜூ ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது, நிலையத்திலிருந்து டாக்சியில் போய்விடலாம்.