தண்ணீரில் ஒரு ஐரிஸ், கரையில் ஒரு ஐரிஸ்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் வீடுகளில் எந்நேரமும் ஈரம் கசியும் மூலை ஒன்று இருக்கும். ரோஜா வைத்தால் வேர் அழுகிவிடும். ஐரிஸ் பூச்செடி வையுங்கள், வகை பார்த்து.

1. இதழில் தாடிபோல மயிர் உள்ள ஐரிஸ் இங்கே ஆகாது. அதற்குக் காய்ந்த மேடு வேண்டும். ஈரத்துக்கு ஏற்றவற்றில் இரண்டு: ஜப்பான் ஐரிஸ் எனும் என்சாட்டா ஒன்று, லேவிகாட்டா இன்னொன்று. பூ இல்லாதபோது இலையை விரலால் தடவுங்கள். நடுநரம்பு புடைத்துத் தட்டுப்பட்டால் என்சாட்டா, வழவழவென்றிருந்தால் லேவிகாட்டா.

2. லேவிகாட்டாவைக் குளத்துக்குள் வைக்கலாம். கிழங்கின் மேல் 4 அங்குலம் வரை தண்ணீர் நிற்கலாம். என்சாட்டாவுக்குக் கரைதான் இடம். வளரும் மாதங்களில் சேறாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் செடியின் அடிக்கழுத்தில் தண்ணீர் நின்றால் அழுகும். அப்போது மண் லேசாக நனைந்திருந்தால் போதும்.

3. மண் விஷயத்தில் நமக்கு யோகம். தேயிலைக்கு ஒத்துவரும் புளிப்பு மண்தான் என்சாட்டாவுக்கும் பிடிக்கும். கேரட், உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போடுகிற சுண்ணாம்பு, டோலமைட், அடுப்புச் சாம்பல் எதுவும் இதன் பக்கம் போகக்கூடாது, இலை மஞ்சளாகிவிடும். புது சிமெண்ட் தொட்டியிலும் சுண்ணாம்பு இறங்கும். சில முறை தண்ணீர் நிரப்பிக் கொட்டிவிட்டுப் பிறகு நடுங்கள்.

4. ஜூன் மழை பிடித்ததும் நடலாம். இலைகளை அரையடிக்கு வெட்டிவிட்டு, கிழங்கை 2 அங்குல ஆழத்தில் வைத்து மண்ணை அழுத்துங்கள். கரையில் மக்கிய சாணி எருவும் இலைமக்கும் தாராளமாகக் கலக்கலாம். குளத்துக்குள் வைக்கும் தொட்டிக்கு வெறும் களிமண் போதும். எரு கரைந்தால் பாசி மண்டும். மேலே கூழாங்கல் பரப்புங்கள், மண் மிதக்காது.

5. என்சாட்டாவின் புது வேர் பழைய வேருக்கு மேலே வரும். கிழங்கு மெல்ல வெளியே எழும். 3, 4 வருடத்துக்கு ஒருமுறை பூ முடிந்ததும் தோண்டிப் பிரித்து வேறு இடத்தில் நடுங்கள். பழைய மண்ணில் திரும்ப நட்டால் தேறாது. கையுறை போடுங்கள், சாறு தோலை அரிக்கும்.

மஞ்சள் பூ பூக்கும் சூடாகோரஸ் என்ற ஐரிஸ் வகை சுலபமாக வளரும் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் விதை தண்ணீரில் மிதந்து போகும். வட அமெரிக்காவில் நீரோரங்களை அடைத்துக்கொண்ட செடி அது. நம் சதுப்புகளில் கல்லா லில்லி படுத்தும் பாடே போதும். ஏற்கெனவே வைத்திருந்தால் காய் முற்றுமுன் நறுக்கிவிடுங்கள். கழித்த கிழங்கை ஓடையில் வீசாமல் வெயிலில் காயப்போடுங்கள்.