மழைக்கு முன்னாடி மேல்மண்ணை ஒரு தடவை பாருங்க

விதைச்சதும் மழை பேஞ்சு மேல பொருக்கு தட்டிருச்சு, முளைப்பே சரியில்லன்னா எல்லாரும் மழையைத்தான் சொல்றாங்க, ஆனா மழை விழுந்தப்போ மேல்மண் எப்படி இருந்துச்சுங்கறதுதான் பாதி விஷயம், அது நம்ம கையில இருக்கு.

5 மி.மீ. பெரிய துளி ஒண்ணு வினாடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்துல வந்து விழுது. வெறும் மண்ணுல அது அடிக்கும்போது சின்ன கட்டியெல்லாம் உடைஞ்சு பொடி தெறிக்கும், அந்த பொடி போய் துவாரத்தை அடைச்சுக்கும், அப்புறம் தண்ணி உள்ள இறங்காம மேலயே ஓடி தெறிச்ச மண்ணையும் இழுத்துட்டு போகும். காஞ்சப்புறம் ஒரு பொருக்கை பேத்து பக்கவாட்டுல பாருங்க, மேல வழவழன்னு இறுகி இருக்கும், அடியில அதே மண்ணு பொலபொலன்னு இருக்கும். சில மில்லிமீட்டர்தான் கனம், ஆனா முளையை அதுதான் தடுக்குது.

நல்லா காஞ்ச மண்ணுல திடீர்னு கனமழை பேஞ்சா இன்னும் மோசம். தண்ணி வேகமா உள்ள நுழையும்போது மாட்டிக்கிட்ட காத்தே கட்டியை உடைச்சிரும். லேசா ஈரம் இருக்கற மண்ணு இதை கொஞ்சம் தாங்கும், ஆனா ரொம்ப ஊறிப்போன மண்ணுல தண்ணி சீக்கிரமே ஓட ஆரம்பிச்சிரும், சரிவு இருந்தா அதையும் கவனிக்கணும்.

உங்க மண்ணு எப்படின்னு பாக்க, காஞ்ச சின்ன கட்டி ஒண்ணை கண்ணாடி டம்ளர்ல மழைத்தண்ணி ஊத்தி மெதுவா உள்ள விடுங்க, கலக்காதீங்க. கொஞ்ச நேரத்துல சரிஞ்சு விழுந்துச்சுன்னா மக்கு சத்து போதல, தொழு உரம், பயிர் கழிவு எல்லாம் மண்ணுக்கு திரும்ப போகணும். சில மணி நேரம் கழிச்சு கட்டியை சுத்தி கலங்கலா பரவி நின்னுச்சுன்னா சோடியம் அதிகமா இருக்கலாம், மண் பரிசோதனை பண்ணிட்டு ஜிப்சம் போடுங்க, சும்மா யாரோ சொன்னாங்கன்னு போட வேண்டாம்.

உழவுல நான் அடிச்சு சொல்றது ஒண்ணுதான், ரோட்டவேட்டரை திரும்ப திரும்ப ஓட்டி மாவாக்காதீங்க. பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா வண்டல் அதிகமான மண்ணா இருந்தா முதல் கனமழைக்கே மூடிக்கும். விதை பக்கத்துல மட்டும் பொடியா இருந்தா போதும், வரிசைக்கு நடுவுல சின்ன சின்ன கட்டி கிடக்கட்டும், மேடு பள்ளத்துல தண்ணி கொஞ்சம் நின்னு இறங்கும். அதுக்கு மேல மூடாக்கு, அதாவது மண்ணை மூடுற மாதிரி வைக்கோல் பரப்பிட்டா, துளியோட அடி அது மேலயே போயிரும். சரிவுக்கு குறுக்க உழுங்க.

ஏற்கனவே பொருக்கு தட்டி முளை அடியில மாட்டிக்கிச்சுன்னா, பூவாளியில மெல்லிசா தண்ணி தெளிச்சு முளை வெளிய வர வரைக்கும் மேல் ஈரத்தை காய விடாதீங்க, இல்லன்னா களைக்கொத்தியை வரிசை ஓரமா மேலாக்க மட்டும் ஓட்டுங்க, ஆழமா போனா முளையே ஒடிஞ்சிரும்.